இஸ்திரிக் கால்

வீட்டோடு ஒட்டியிருந்த அந்தச் சலவைக்கடையில் துணி தேய்க்கிற கூடத்துக்குள் உட்காருவதற்கென்று ஒரு பொருளும் கிடையாது. ஸ்டூல் இல்லை, பெஞ்சு இல்லை, கவிழ்த்துப் போட்ட ஒரு பெட்டிகூட இல்லை. மாமனார் இருந்தபோது வைத்த வழக்கம் அது. உட்கார்ந்து தேய்த்தால் பெட்டியில் பாரம் விழாது, மடிப்பு கோணிக்கொள்ளும் என்பார். அவர் கடவுளிடம் போய்ப் பல வருஷம் ஆகிவிட்டது. அவர் வைத்த வழக்கம் மட்டும் எல்லாரையும்போல அந்தக் கூடத்தில் நின்றுகொண்டே இருந்தது.

கூடத்தில் மூன்று மேசைகள். ஒவ்வொன்றின் மேலும் கம்பளியை மடித்து விரித்து வெள்ளைத் துணியால் இழுத்துக் கட்டியிருக்கும். கூரையிலிருந்து வயர் தொங்கும், அதன் நுனியில் இஸ்திரிப் பெட்டி. பக்கத்தில் தண்ணீர் தெளிக்க, மூடியில் ஓட்டை போட்ட பாட்டில். ஜன்னல் பக்கம் மாமியாரின் மேசை, நடுவில் மூத்த மருமகளுடையது, கதவோரம் இளைய மருமகளுடையது. மகன்கள் இருவரும் பின்கட்டில் தொட்டியையும் பாய்லரையும் பார்த்துக்கொள்வார்கள். ஹோட்டல், விடுதி, ஆஸ்பத்திரி என்று மூட்டை மூட்டையாகப் படுக்கை விரிப்புகள் வரும், போகும்.

வாசலில் ஒரு செருப்புப் பலகை உண்டு. மேல்தட்டில் அவரவர் செருப்பு. கீழ்த்தட்டில் ஆம்பிளை அளவில் பெரிய ரப்பர் செருப்புகள். காலையில் அவரவர் செருப்போடு கூடத்துக்குள் வருவார்கள். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு கால் வீங்கி வார் இறுக்க ஆரம்பிக்கும். அப்போது பெரிசுக்கு மாறிக்கொள்வார்கள். வீட்டில் அதற்கு இஸ்திரிக் கால் என்று பெயர். அந்தத் தெருவில் வேறு யாருக்கும் அந்த வார்த்தை தெரியாது, தேவையும் இல்லை.

புதிதாக வந்த மருமகளுக்கு முதல்முறை கால் வீங்குகிற அன்று மாமியார் குனிந்து, அவள் கணுக்காலில் கட்டைவிரலை வைத்து அழுத்திப் பார்ப்பாள். குழி விழுந்தால், கீழ்த்தட்டிலிருந்து ஒரு ஜோடி பெரிய செருப்பை எடுத்துக் கொடுப்பாள். "இனிமே நீ விருந்தாளி இல்ல, நம்ம வீட்டு ஆளு" என்பாள். அதுவரைக்கும் எவ்வளவு வேலை செய்தாலும் விருந்தாளிதான்.

மூத்தவளுக்கு அந்தச் செருப்பு கிடைத்த அன்று அவள் பூரித்துப்போனாள். ஓட்டுநர் வீட்டுப் பெண் அவள், வேலைக்கு அஞ்சினவள் இல்லை. "இங்க எல்லாருக்கும் என்மேல பிரியம்மா" என்று அன்றைக்குத் தன் அம்மாவுக்குப் போன் போட்டுச் சொன்னாள். அம்மா கடவுளுக்கு நன்றி சொன்னாள்.

அவள் முழுகாமல் இருந்தபோது மாமியார்தான் கிளினிக்குக்குக் கூட்டிப்போனாள். எல்லாரிடமும் கேட்பதுபோல அங்கே இருந்த நர்ஸ் இவளிடமும் கேட்டாள்.

"கால் வீக்கம் இருக்காம்மா?"

மூத்தவளே முந்திக்கொண்டாள். "அது இஸ்திரிக் கால் சிஸ்டர். எங்க வீட்ல எல்லாருக்கும் உண்டு."

மாமியார் தன் காலை முன்னால் நீட்டிக் காட்டினாள். "பாருங்க, நான் என்ன பிள்ளையா சுமக்கிறேன்? தொழில் அப்படி."

நர்ஸ் இருவர் காலையும் பார்த்தாள். வெளியே வரிசை படி வரைக்கும் நின்றது. சிரித்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டாள். அன்றைக்குப் பிரஷரும் சரியாகத்தான் இருந்தது. அடுத்த தடவை வரச் சொன்னபோது கடையில் மூட்டைகள் மலையாகக் கிடந்தன, போகவில்லை. அதற்கடுத்த தடவையும் அப்படித்தான்.

வயிறு மேசையில் இடிக்கிற மாதம் வந்தபோது கால் காலையிலும் வீங்கியே இருந்தது. வேலை கூடிப்போச்சு என்று நினைத்துக்கொண்டாள். அப்புறம் தலைவலி. அப்புறம் கண்ணுக்கு முன்னால் கறுப்புப் பூச்சிகள் பறக்கிற மாதிரி ஒரு தோற்றம். ஒரு நாள் பெட்டி எங்கே இருக்கிறது, விரிப்பின் ஓரம் எங்கே இருக்கிறது என்று தெரியாமல் வைத்த இடத்திலேயே வைத்துவிட்டாள். ஹோட்டல் விரிப்பில் பெட்டியின் அச்சு அப்படியே பழுப்பாக விழுந்தது. "கண்ண எங்க வச்சிருக்கே?" என்று மாமியார் கேட்டது அவள் காதில் விழுந்தது. அதற்குப் பிறகு ஒன்றும் விழவில்லை. கையும் காலும் வெட்டி இழுக்க, மேசைக்குக் கீழே கிடந்தாள்.

புருஷன் ஓடிவந்தான். ஓடிவந்தவன் வாசலில் நின்றான். அம்மாவின் முகத்தைப் பார்த்தான். "முகத்துல தண்ணி அடி, கொஞ்சம் காத்து படட்டும், தானா தெளிஞ்சிடும்" என்றாள் அம்மா. அவன் காற்றுக்காகக் காத்து நின்றான். வண்டி அதற்குப் பிறகுதான் வந்தது.

பெண் பிள்ளை. அழாமலே பிறந்தது. மூத்தவள் கண் விழித்தபோது அதை எடுத்துப் போயிருந்தார்கள். யார் ஜாடை என்று கேட்டாள்.

மாமியார் கல்நெஞ்சுக்காரி இல்லை. அதையும் சொல்லத்தான் வேண்டும். வெந்நீர் வைத்துக் கொடுத்தாள், தலை துவட்டினாள், உட்கார்ந்து அழுதாள். "கடவுள் குடுத்தாரு, கடவுளே எடுத்துக்கிட்டாரு" என்றாள். மூத்தவளும் கடவுளை நம்புகிறவள்தான். ஆனாலும் கடவுளின்மேல் இவ்வளவு சுலபமாகப் பழியைப் போடலாமா என்று அப்போதே மனசுக்குள் ஒரு ஓரத்தில் உறுத்தியது. சாமி காரியம், கேட்கக்கூடாது என்று வாயை மூடிக்கொண்டாள்.

உடம்பு ஆறுவதற்கு முன்பே கூடத்துக்கு வந்துவிட்டாள். வீட்டில் படுத்துக் கிடந்தால் சுவர் நெருக்கியது. ஆனால் பிள்ளை இல்லை என்கிற சேதி மாருக்குத் தெரியவில்லை. பால் சுரந்து துணி நனைந்தது. "என்னடி மேலெல்லாம் ஈரம்?" என்று மாமியார் கேட்டபோது, தண்ணீர் பாட்டில் ஒழுகுகிறது என்று சொன்னாள். மாமியார் பாட்டிலை மாற்றிக் கொடுத்தாள்.

அதற்குப் பிறகு வருஷங்கள் ஓடின. வயிறு மறுபடி தரிக்கவில்லை. தலைவலி மட்டும் போகவே இல்லை, வீட்டோடு வந்து தங்கிவிட்ட உறவுக்காரி மாதிரி. பார்க்கிறவர்கள் எல்லாம் அவள் வயிற்றைப் பற்றிக் கேட்டார்கள், தலையைப் பற்றி ஒருவர்கூடக் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை. தெருவில் எதிர்ப்பக்கம் மிஷின் போட்டிருந்த தையல்காரம்மா மட்டும் ஒரு நாள், "உன் மூஞ்சி ஏன் எப்பவும் வெயில்ல வந்தவ மாதிரியே இருக்கு?" என்று கேட்டாள். "இஸ்திரிச் சூடு" என்றாள் மூத்தவள். எல்லாவற்றுக்கும் இஸ்திரி ஒரு பதில் வைத்திருந்தது.

*

சின்னவள் அந்த வீட்டுக்கு வந்தபோது கூடத்தில் முதல்முறையாகச் சிரிப்புச் சத்தம் கேட்டது. வாய் ஓயாது அவளுக்கு. தேய்க்கிற சட்டையைப் பார்த்தே அதன் சொந்தக்காரனைப் பற்றிக் கதை கட்டுவாள். "அக்கா, இந்த ஆளு ஒரு பக்கமா சாஞ்சே உக்காருவான் போல, இந்தக் கை மட்டும் தேஞ்சிருக்கு. பொண்டாட்டி இந்தப் பக்கம் உக்காருவாளா இருக்கும், பயந்து ஒதுங்குறான்." மூத்தவள் சிரிப்பை அடக்க முடியாமல் மேசையைப் பிடித்துக்கொள்வாள்.

பெரிய செருப்பு கிடைத்த அன்று சின்னவள் அதைப் போட்டுக்கொண்டு கூடத்தைச் சுற்றிச் சரக் சரக் என்று நடந்து காட்டினாள். "அக்கா, இதுல நானும் இருந்துக்கிட்டு இன்னொருத்தருக்கு வாடகைக்கும் விடலாம்." மாமியாருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

அவள் முழுகாமல் ஆனாள். வீடே அவளைத் தாங்கியது. மூத்தவளும் தாங்கினாள். கனமான விரிப்புகளைச் சத்தமில்லாமல் தன் மேசைக்கு இழுத்துக்கொண்டாள். உள்ளே ஒரு முள் இருந்ததா என்றால், இருந்தது. அவளும் மனுஷிதான். அதைத் தினமும் காலையில் கடவுள் காலடியில் வைத்துவிட்டுத்தான் வேலைக்கு வருவாள். மறுநாள் திரும்பவும் இருக்கும், திரும்பவும் வைப்பாள்.

கிளினிக்குக்குப் போய்வந்த அன்று சின்னவள் சிரித்துக்கொண்டே சொன்னாள். "அந்த நர்ஸு கால் வீக்கம் இருக்கான்னு கேட்டாக்கா. அத்தை பொசுக்குன்னு தன் காலைத் தூக்கி அந்தம்மா மேசைமேலயே வச்சிருப்பாங்க, நான் பிடிச்சிழுத்துட்டேன்."

மூத்தவள் கையில் பெட்டி ஒரு நொடி நின்றது. "பிரஷர் பாத்தாங்களா?"

"பாத்தாங்க. நல்லாத்தான் இருக்காம்."

"அடுத்த தடவையும் போயிடு, என்ன."

"இந்த மூட்டையெல்லாம் யாரு, நம்ம மாமனார் வந்து தேய்ப்பாரா?" என்றாள் சின்னவள். அடுத்த தடவை போகவில்லை.

கடை திறக்குமுன் எல்லாரும் கூடத்தில் நின்று கொஞ்ச நேரம் சாமி கும்பிடுவது வழக்கம். ஒரு நாள் காலையில் அப்படி நின்றிருந்தபோது, தலையைக் குனிந்திருந்த மூத்தவளின் கண்ணில் சின்னவளின் கால் பட்டது. பெரிய செருப்பு. காலையிலேயே பெரிய செருப்பு.

சின்னவளின் முகத்தை நிமிர்ந்து பார்த்தாள். கன்னம் பூசினாற்போல உப்பியிருந்தது, கண்ணிமை தடித்திருந்தது. பிள்ளைத்தாய்ச்சிக்கு வந்த மினுமினுப்பு என்று எல்லாரும் சொல்லிக்கொண்டிருந்தார்கள். விரலைப் பார்த்தாள். மோதிரம் சதைக்குள் புதைந்து கிடந்தது.

இஸ்திரிக் கால் ராத்திரி படுத்தால் வடிந்துவிடும். வடியாத கால் ஒன்றை அவள் பார்த்திருக்கிறாள், அது அவளுடைய கால்.

சொல்லிவிடுவது பெரிய காரியமா என்று கேட்கலாம். அந்த வீட்டில் பெரிய காரியம்தான். பிள்ளையைப் பறிகொடுத்தவள், வயிறு மறுபடி நிறையாதவள், நிறைந்த வயிற்றைப் பார்த்து 'இதில் ஏதோ சரியில்லை' என்று சொன்னால் அதற்கு அங்கே ஒரே பெயர்தான். கண்ணு. அது தெரிந்துதான் அவள் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு கடவுளிடம் முறையிட்டாள். "சொன்னா என்னைப் பொறாமைக்காரின்னு சொல்லுவாங்க சாமி. சொல்லாட்டி நீ என்னைக் கேப்பே. ரெண்டுல எதைத் தாங்குற சக்தியை எனக்குக் குடுக்கப் போறே?" குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. கடவுளைவிட மாமியாருக்குப் பயப்படுவது பாவம் என்று அவளாகவே முடிவு செய்துகொண்டு வெளியே வந்தாள்.

முதலில் சின்னவளிடம்தான் சொன்னாள். துணி மடிக்கிற சாக்கில் பக்கத்தில் போய், மெதுவாக.

"தலை வலிக்குதா உனக்கு?"

"யாருக்குத்தான்க்கா வலிக்கல. இந்தச் சூட்டுல."

"கால் ராத்திரில வடியுதா?"

"இதென்னக்கா, கிளினிக் நர்ஸு மாதிரி கேக்குறீங்க?"

"எனக்கு இப்படித்தான் ஆரம்பிச்சுது. நாளைக்கே ஒரு தடவை போய்ப் பாத்துட்டு வந்திடேன். நான் கூட வர்றேன்."

சின்னவளின் சிரிப்பு அணைந்துபோனது. மடித்த துணியைக் கீழே வைத்தாள். "அக்கா, உங்களுக்கு ஆனது எனக்கும் ஆகணும்னு இருக்கா என்ன?"

அவள் கெட்டவள் இல்லை. பயந்தவள். பயந்தவர்கள் கையில் கிடைத்ததை எடுத்து எறிவார்கள், அவளுக்கு அந்த நேரம் அதுதான் கிடைத்தது. ஆனால் எறிந்தது பட வேண்டிய இடத்தில் பட்டுவிட்டது. மூத்தவள் தன் மேசைக்குத் திரும்பி, தேய்த்த விரிப்பையே திரும்பவும் தேய்த்தாள்.

மாமியாரிடமும் சொன்னாள். சொல்லும்போது மாமியார் நிமிரவில்லை.

"ரெண்டு பெத்தவ நான். எனக்கும் கால் வீங்குச்சு, இதே கூடத்துல நின்னுதான் பெத்தேன். நீ அவ வயித்தையே வெறிச்சுப் பாத்துக்கிட்டு நிக்காதே. அது போதும், நல்லா இருப்பா."

"நான் வயித்தைப் பாக்கல அத்தை. காலைப் பாத்தேன்."

"காலையும் பாக்காதே. உன் மேசையைப் பாரு."

அன்றிலிருந்து சின்னவள் மூத்தவளிடம் பேச்சைக் குறைத்துக்கொண்டாள். கூடத்தில் சட்டைக் கதைகள் நின்றுபோயின. மூன்று பெட்டிகள் சத்தம் மட்டும் கேட்டது. மூத்தவள் பார்க்காததுபோல இருந்துகொண்டு பார்த்தாள். சின்னவள் அடிக்கடி நெற்றியைத் தேய்த்துக்கொண்டாள். மேல்வயிற்றில் கை வைத்து அழுத்திக்கொண்டாள். தண்ணீர் குடித்தாலும் கொல்லைப்பக்கம் போவது குறைந்திருந்தது. தன் பழைய நாட்களை இன்னொருத்தி உடம்பில் போட்டுப் பார்ப்பதுபோல இருந்தது மூத்தவளுக்கு.

ஒரு நாள் மத்தியானம் கருகல் வாசனை வந்தது.

சின்னவள் பெட்டியைத் தலையணை உறையின்மேல் வைத்தபடி ஜன்னலைப் பார்த்து நின்றுகொண்டிருந்தாள். மாமியார் பாய்ந்து வந்து பெட்டியைத் தூக்கினாள். உறையில் பழுப்பு அச்சு. "கண்ண எங்கடி வச்சிருக்கே?"

"பூச்சியா பறக்குது அத்தை" என்றாள் சின்னவள். "விரட்டினாலும் போகல."

மூத்தவள் தன் பெட்டியின் ப்ளக்கைப் பிடுங்கினாள். மாமியாரின் மேசைக்குப் போய் அதையும் பிடுங்கினாள். பிறகு, சாயங்காலம் விடுதிக்குப் போக வேண்டிய விரிப்புகள் தேய்க்காமல் குவிந்து கிடந்த மூட்டையின்மேல் போய் உட்கார்ந்தாள். கூடத்துக்குள் ஒருத்தி உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை.

"என்ன இது? எந்திரி."

"மாட்டேன் அத்தை."

"வெள்ளைத் துணிடி அது."

"திரும்ப வெளுத்துக்கலாம். அவளுக்கு வண்டி கூப்பிடுங்க. அதுவரைக்கும் நானும் எந்திரிக்க மாட்டேன், ஒரு துணியும் தேய்க்க மாட்டேன்."

"உனக்கு என்ன பேய் பிடிச்சிருக்கா? நல்ல நாளும் அதுவுமா சோறு போடுற துணிமேல ஏறி உக்காந்துக்கிட்டு. பெத்து வளத்தவ மாதிரி பேசுறா. தன் பிள்ளையக் காப்பாத்தத் துப்பில்ல, ஊரான் பிள்ளைக்கு ஒப்பாரி."

நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரியான பேச்சு அது. மூத்தவளுக்குக் கண் கலங்கியது, ஆனால் எழுந்திருக்கவில்லை. "ஆமா அத்தை. துப்பில்லதான். அதனாலதான் சொல்றேன்."

சத்தம் கேட்டுக் கொழுந்தன் பின்கட்டிலிருந்து ஈரக் கையோடு வந்தான். அவன் பின்னால் மூத்தவளின் புருஷன். கொழுந்தன் வாசலில் நின்றான். அம்மாவின் முகத்தைப் பார்த்தான்.

"தம்பி" என்றாள் மூத்தவள். "உங்க அண்ணன் அன்னிக்கு இதே இடத்துல நின்னுதான் யோசிச்சாரு. நீங்க யோசிக்காதீங்க."

அண்ணன் தலையைக் குனிந்துகொண்டான். தம்பி ஈரக் கையைத் துடைக்காமலே தெருவுக்கு ஓடினான்.

*

ஆஸ்பத்திரியில் நர்ஸ் பிரஷர் பார்க்கும் பட்டையைக் கையில் எடுத்ததும் சின்னவள் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டாள். தலைவலியில் அவளுக்கு எல்லாமே பயமாக இருந்தது. வரும் வழியெல்லாம் மூத்தவளின் முந்தானையை விடாமல் பிடித்துக்கொண்டு வந்தவள், "வேண்டாம்க்கா, அது கையை நசுக்கும்" என்றாள்.

"ஒண்ணும் பண்ணாதும்மா. இங்க பாரு" என்று மூத்தவள் தன் கையை நீட்டினாள். "எனக்கு முதல்ல கட்டுங்க சிஸ்டர், பாக்கட்டும்."

நர்ஸும் குழந்தைக்கு விளையாட்டுக் காட்டுவதுபோல அவள் கையில் சுற்றி அழுத்தினாள். சின்னவள் பார்த்துக்கொண்டிருந்தாள். நர்ஸின் முகம் மாறியது. காற்றை விட்டுவிட்டு மறுபடியும் அழுத்தினாள். மற்றக் கையிலும் பார்த்தாள்.

"உங்களுக்கு எவ்வளவு காலமா தலைவலி?"

"அது இருந்துக்கிட்டே இருக்கும்மா. தலை இருக்கிற வரைக்கும் இருக்கும்."

"நீங்க எங்கயும் போகாதீங்க" என்றாள் நர்ஸ். பிறகு அவசரமாகச் சின்னவளிடம் திரும்பினாள். அவளுடையது இன்னும் மோசமாக இருந்தது.

அப்புறம் எல்லாம் வேகமாக நடந்தது. சிறுநீரில் புரதம் ஏராளமாகப் போகிறது என்றார்கள். வலிப்பு வராமலிருக்க ஊசி போட்டார்கள். காத்திருந்தால் தாய்க்கும் ஆபத்து, பிள்ளைக்கும் ஆபத்து என்று அன்றைக்கே பிள்ளையை எடுத்தார்கள். ஆண் பிள்ளை. உள்ளங்கை இரண்டையும் சேர்த்தால் அடங்கிவிடும் அளவு. ஆனால் அழுதது. கதவுக்கு வெளியே நின்ற மூத்தவளுக்கு அந்த அழுகை கேட்டதும், சுவரோரம் அப்படியே உட்கார்ந்து கும்பிட்டாள். பூனைக்குட்டி முனகுவதுபோலத்தான் இருந்தது. அவளுக்கு அது போதும்.

டாக்டரம்மா வந்து மாமியாரிடம் பொறுமையாகத்தான் சொன்னாள். "நின்னு வேலை செஞ்சா வர்ற வீக்கம் படுத்தா வடியணும்மா. விடிஞ்சும் வடியல, முகமும் வீங்குது, தலை வலிக்குது, கண்ணு மங்குதுன்னா அது பிரஷர். இன்னும் கொஞ்ச நேரம் போயிருந்தா ரெண்டு உயிரும் கையில இல்ல. நல்ல நேரத்துல கூட்டிட்டு வந்தீங்க."

"கடவுள் கூட்டிட்டு வந்தாரு" என்றாள் மாமியார்.

மூத்தவளை டாக்டரம்மா தனியாகக் கூப்பிட்டாள். புருஷனும் கூட வந்து நின்றான். ரத்தம் எடுத்துப் பார்த்திருந்தார்கள்.

"முதல் பிரசவத்துல வலிப்பு வந்துச்சுன்னு சொல்றீங்க. அதுக்கப்புறம் ஒரு தடவைகூடப் பிரஷர் பாக்கலயா?"

"இல்லம்மா."

"அன்னிக்கு ஏறினது அப்படியே நின்னுருக்கு. இத்தனை வருஷமும் உள்ளுக்குள்ள வேலை செஞ்சிருக்கு. சிறுநீரகம் கொஞ்சம் அடி வாங்கியிருக்கு. இனிமே மாத்திரையை ஒரு நாள்கூட விடக்கூடாது."

மூத்தவள் தலையாட்டினாள். பிறகு, கேட்க நினைக்காத கேள்வி அவளையும் மீறி வெளியே வந்தது. "இனிமே எனக்குப் பிள்ளை…?"

டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். "அப்பவே வந்திருந்தா பிரஷரை அடக்கிட்டு, ஏன் தரிக்கலன்னும் பாத்து, முயற்சி பண்ணியிருக்கலாம்மா. எத்தனையோ பேர் அப்படிப் பெத்திருக்காங்க. இப்ப உங்க வயசுக்கும், இந்த சிறுநீரகத்துக்கும்…" மூத்தவள் மாத்திரைச் சீட்டை எடுத்துக்கொண்டாள்.

வெளியே தண்ணீர்க் குழாய் பக்கத்தில் வந்ததும் புருஷன் நின்றான். குழாயைத் திறந்தான், மூடினான்.

"அன்னிக்கே சொன்னாங்க" என்றான். "உன்னை வீட்டுக்கு அனுப்பும்போது. பிரஷர் பாத்துக்கிட்டே இருக்கணும், அடுத்த பிள்ளைக்கு முன்னாடி ஒரு தடவை கூட்டிட்டு வாங்கன்னு."

"யார்கிட்ட சொன்னாங்க?"

"என்கிட்ட."

"நீங்க யார்கிட்ட சொன்னீங்க?"

"அம்மாகிட்ட. அம்மா, அதெல்லாம் அவங்க பயமுறுத்துறதுதான், வீட்ல வச்சு ரெண்டு வேளை நல்லா சாப்பிட்டா சரியாயிடும்னாங்க."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"நீ அழுதுக்கிட்டு இருந்தே."

மூத்தவள் அவனைப் பார்த்தாள். தொட்டியில் ஊறி ஊறித் தோல் வெளுத்துப்போன அவன் கைகளைப் பார்த்தாள். அவன் அவளை ஒரு நாள் அடித்ததில்லை, ஒரு கெட்ட வார்த்தை சொன்னதில்லை. "அப்புறம் அழுகையை நிறுத்தினேன்ல" என்றாள். "நிறுத்தி எவ்வளவு வருஷம் ஆச்சு. அப்ப சொல்லியிருக்கலாமே."

அவன் மறுபடியும் குழாயைத் திறந்தான். தண்ணீர் வீணாக ஓடியது. அவள்தான் கையை நீட்டி மூடினாள்.

*

பிள்ளை தேறி வீட்டுக்கு வந்தது. தெருவே வந்து பார்த்தது. மாமியார் பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு வந்தவர்களிடம் எல்லாம் சொன்னாள். "காலை வச்சே நான் கண்டுபிடிச்சுட்டேன்ல. இஸ்திரிக் கால் வேற, இது வேறன்னு எனக்குத் தெரியாதா? துணியெல்லாம் அப்படியே போட்டுட்டு வண்டி பிடின்னேன்." சொல்லச் சொல்ல அவளுக்கே அது நடந்ததாக ஆகிவிட்டது. பொய் சொல்கிறவளின் முகம் இல்லை அது. கூடத்தில் பெட்டி பிடித்துக்கொண்டிருந்த மூத்தவள், நல்லதுதான், யார் வாயால் போனாலும் நாலு பேர் காதில் விழட்டும் என்று தன்னைத் தேற்றிக்கொண்டாள். தேறவில்லை.

வந்தவர்கள் போன பிறகு, கையை இரண்டு தடவை சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்துக்கொண்டு வந்து நின்றாள். "ஒரு தடவை தூக்கிக்கிறேன் அத்தை."

மாமியார் பிள்ளையைத் துணியோடு சேர்த்து இழுத்து மூடினாள். "இப்பதான் கண் அசந்திருக்கு. உன் கை எப்பவும் சூடா இருக்கும். அப்புறம் தூக்கலாம்."

மூத்தவள் சின்னவளைப் பார்த்தாள். ஆஸ்பத்திரி வண்டியில் முந்தானையை விடாமல் பிடித்துக்கொண்டு வந்தவள், 'என்னை விட்டுப் போயிடாதீங்கக்கா' என்று அழுதவள், இப்போது தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். முகம் வடிந்து பழைய முகம் திரும்பியிருந்தது. அவளுக்கு எல்லாம் தெரியும். வாயைத் திறந்தாள். மாமியார் நிமிர்ந்து ஒரு பார்வை பார்த்தாள்.

"அத்தை சொல்றாங்கல்லக்கா" என்றாள் சின்னவள். "கொஞ்சம் பெரிசாகட்டும். எனக்கு நீங்க சொன்னப்பதான் தலை வலிக்கவே ஆரம்பிச்சுது. மனசுக்கு ஏதோ பயமா இருக்கு."

மூத்தவள், சரிம்மா, என்றாள்.

சின்னவள் இனி நின்று வேலை செய்யக்கூடாது என்று டாக்டரம்மா சொல்லி அனுப்பியதால், கூடத்துக்குள் ஒரு ஸ்டூல் வந்தது. அந்த வீட்டில் அது பெரிய புரட்சி. கதவோர மேசைக்கு முன்னால், சின்னவள் வேலைக்குத் திரும்பும் நாளுக்காக அதைத் துடைத்து வைத்தார்கள். மூத்தவளுக்கும் அதே டாக்டர் அதையேதான் சொல்லியிருந்தாள். ஒன்று போதும், மாத்தி மாத்தி உக்காந்துக்கலாம் என்றாள் மாமியார். மாற்றி உட்காரச் சொல்லி யாரும் கூப்பிடவில்லை. அவளாகப் போய் உட்காரவும் மனம் வரவில்லை. ஒரு தடவை உட்கார்ந்ததற்கே இன்னும் பேச்சுக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

பிள்ளையின் துணிகள் மட்டும் தினமும் அவள் மேசைக்கு வந்தன. சின்னச் சின்னத் துண்டுகள், கைக்குட்டை அளவு சட்டைகள். கிருமி போக நல்லா சூடு வச்சுத் தேய் என்று மாமியாரே கொண்டுவந்து வைப்பாள். அந்தக் காரியத்துக்கு அவள் கை ஆகும். மூத்தவள் ஒவ்வொன்றையும் தேய்த்து, தையல் உறுத்தாத பக்கம் உள்ளே வருகிற மாதிரி மடித்து, சூடு ஆறுகிற வரைக்கும் உள்ளங்கையை அதன்மேல் வைத்திருப்பாள்.

ஒரு நாள் மத்தியானம், மாத்திரையைப் போட்டுக்கொண்டு, பெரிய செருப்புக்குள் காலை நுழைத்துக்கொண்டிருந்தபோது, எதிர்வீட்டு வாசலிலிருந்து தையல்காரம்மா மிஷினை நிறுத்திவிட்டுக் குரல் கொடுத்தாள்.

"என்ன, வீட்ல புது ஆள் வந்து இத்தனை நாளாச்சு. தூக்கினியா இல்லியா?"

"துணி தேய்ச்சேன்" என்றாள் மூத்தவள்.

"நான் பிள்ளையக் கேட்டேன்."

"நானும் பிள்ளையத்தான்க்கா சொல்றேன்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய், மேசைக்கு முன்னால் நின்றாள்.